ஸ்டுடியோவில் கேட்ட டொக்

போன சனிக்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். கூட்டிப் போனது சிவா. பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் மிருதங்கம்.

"அண்ணை, நீங்களும் வாங்கோ. தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

கரீம் என்று ஓர் அல்ஜீரியப் பாடகர். அவருடைய ஊரில் கல்யாண வீட்டிலும் கஃபேயிலும் பாடுகிற பாட்டுகளை, இங்குள்ள ஜாஸ்காரர்களோடு சேர்ந்து ஆல்பமாகப் போடுகிறார். ஒரு பாட்டுக்கு மட்டும் நம் சிவாவின் மிருதங்கம். அவனுக்கு அதுதான் முதல் ஆல்பம்.

மைக்குகளுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மர நாற்காலி கொடுத்தார்கள். பாட்டு ஆறு ஆறு அட்சரமாக ஓடியது. அட, நம்ம ரூபக தாளம்! சாக்ஸபோன் ஏறியது, கரீம் அதற்கும் மேலே ஏறினார், சிவா விடவில்லை... எனக்குப் புல்லரித்துவிட்டது.

டேப்பைப் போட்டுக் கேட்டால் — டொக்!

மறுபடி எடுத்தார்கள். மறுபடி டொக். சவுண்ட் இன்ஜினியர் மிருதங்கத்தை முறைத்தார். சிவா வாரை இழுத்தான், கல்லால் தட்டிச் சரிபார்த்தான். மூன்றாவது தடவையும் அதே டொக்.

"அந்த மேளத்தில்தான் கோளாறு. அது இல்லாமலே எடுப்போம்" என்றார் இன்ஜினியர்.

சிவா மிருதங்கத்தின் உறையை எடுத்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை போடுங்கள் என்று கெஞ்சினேன். டொக்... டொக்... ஓரிடத்திலாவது தாளம் தப்ப வேண்டுமே? கோளாறு பிடித்த தோல் ரூபகமா போடும்?

என் வலது கையைப் பார்த்தேன். அப்போதும் அது நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது — மோதிரத்தோடு!

கச்சேரி கேட்டுப் பழகிய கை. வழக்கம்போலத் தொடையில் தட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

சொல்வதா, விடுவதா? வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும், சிவாவின் பாட்டு போய்விடும். கையைத் தூக்கினேன். "ஸாரி... நான்தான்."

கரீம் விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை, கதவைக் காட்டினார்.

வெளியே பேவ்மென்ட்டில் மேலும் கீழும் நடந்தேன். ரசிகன், ரசிகன் என்று மார்தட்டிக்கொள்கிறோமே... பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் ரசிக்க நமக்குத் தெரியுமா?

ஒருவழியாகச் சிவா வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தினை தரமடா எடுத்தவை?" பதறிப்போய்க் கேட்டேன்.

"நீங்கள் வெளியில போனாப் பிறகோ? ஒரே தரம்தான், அண்ணை."