தேரி மணலில் எடுத்த செடி

புனேயில் ஒரு தாவர ஆராய்ச்சி அலுவலகத்தில் காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டித் தைப்பதுதான் தேவநேசனின் வேலை. இருபது வருஷத்தில் பல ஆயிரம் செடிகள் அவர் கையைத் தாண்டிப் போயிருந்தன. அதனால்தான், 1994இல் மைத்துனன் கல்யாணத்துக்குச் சாத்தான்குளம் போனபோது, தேரிக்காட்டுச் சிவப்பு மணலில் ஊதாப் பூவோடு முழங்கால் உயரத்துக்கு நின்ற அந்தப் புதர் அவரை நிறுத்திவிட்டது. அது அவர் ஒட்டாத செடி. கல்யாண வேட்டியோடு மண்டியிட்டு இரண்டு கிளை ஒடித்து, செய்தித்தாளில் அழுத்திக் கொண்டுவந்தார்.

அதிகாரி டாக்டர் சுந்தரராமன் லென்ஸ் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். எடுத்த இடத்தைத் தேவநேசன் விவரமாகச் சொன்னார். சுந்தரராமன் ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் புது இனம் என்று கட்டுரை வந்தது. அட்டையில் ஒட்டவேண்டிய லேபிள் தேவநேசன் மேஜைக்கே வந்தது.

"ஸார், எடுத்தவருங்கிற இடத்துல ஒங்க பேருல்லா இருக்கு?"

"நீ ஃபீல்டுக்குப் போற போஸ்ட்ல இல்லையேப்பா. உன் பேரைப் போட்டா மேலே கேள்வி வரும். கட்டுரைக் கடைசில நன்றி சொல்லியிருக்கேன், பாரு."

பார்த்தார். 'தேவநாதன்' என்று அச்சாகியிருந்தது. லேபிளில் பசை தடவி, ஓரம் பிசகாமல் ஒட்டினார். ஓய்வுபெறும்வரை சுந்தரராமனிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சுந்தரராமன் அதைக் கவனிக்கவும் இல்லை.

2005 அக்டோபரில், புனே கோந்த்வாவில் இருந்த அவர் வீட்டுக்கு ஸ்ரீவித்யா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள்.

"அங்கிள், அந்தச் செடிக்காக ரெண்டு வாட்டி போனேன். கிடைக்கவே இல்ல. சுந்தரராமன் ஸாருக்கும் இடம் தெரியல. நீங்க காட்டுவீங்களா?"

மாதா சிலை வைத்த கெபிக்குத் தெற்கே, பாழுங்கிணற்றை ஒட்டி. கண்ணை மூடினால்கூட அவருக்குத் தெரியும்.

"ஞாபகம் இல்லம்மா."

அவள் போனதும் மனைவி ஆரோக்கியமணி கேட்டாள்: "ஏன் பொய் சொன்னிய?"

"அவரு எடுத்த செடிதான? அவரே போய்க் காட்டட்டும்."

சொன்னபோது இனித்தது. ஒரு வாரம்கூட அந்த இனிப்பு நிற்கவில்லை. ஸ்ரீவித்யா வெயிலில் அலைந்து கருத்திருந்த முகம் சாப்பிடும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. அடுத்த மே மாதம் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினார்.

கெபி இருந்தது. கிணறு இல்லை. மணலைச் சமமாகத் தள்ளி, மனைக்கல் நட்டிருந்தார்கள்.

"தை மாசந்தான் மிஷினு வந்துச்சு" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்.

தை மாதம். அவள் வந்து கேட்டபோது செடி நின்றிருக்கிறது. இரண்டு நாள் சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடினார். ஒரு கன்றுகூட இல்லை.

திரும்பி வந்து ஸ்ரீவித்யாவுக்குப் போன் செய்து, பொய் சொன்னதையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள்: "அந்த ஊர் ஜனங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க அங்கிள்? அதையாவது எழுதிக்கிறேன்."

அதை அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.