அண்ணன் அனுப்பிய பூங்கொத்து

எங்கோ ஒரு ஊரில் ஒருவர் சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் ஒரு பூங்கொத்துப் படத்தைத் தொடுகிறார். பெயர், முகவரி, நாள், வாழ்த்து, முடிந்தது. அந்தப் படத்தில் இருப்பதே பறந்து வந்து வாசலில் இறங்கும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். நடப்பது அதுவல்ல. அந்தப் படத்தைப் போட்டிருக்கும் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ரோஜாகூடக் கிடையாது. ஆர்டர் எந்த ஊருக்கோ, அந்த ஊரில் இருக்கும் ஒரு பூக்கடைக்குச் சீட்டாக வந்து விழும். கடையில் யாராவது கட்டுவார்கள், யாராவது வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் கடையில் கட்டியது அக்கா. கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

ஒன்பது வருடம் அந்தக் கடையின் வேனை ஓட்டினேன். நான் சேர்ந்தபோதே அக்கா அங்கே பழைய ஆள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். காலை ஏழு மணிக்குக் குளிர் அறையைத் திறந்து, தண்டுகளைச் சாய்வாக நறுக்கி, முள்ளை உரித்து, வாளிகளில் தண்ணீர் மாற்றி முடிக்கும்போது ஒன்பதாகிவிடும். ஐஸ் போன்ற தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனிகள் வெடித்திருக்கும். நகத்துக்கடியில் பச்சைக் கறை எப்போதும் உண்டு. வாய் மட்டும் சும்மா இருக்காது. மனைவிக்கு ஐம்பது ரோஜா கேட்டு வருகிறவரைப் பார்த்ததும் என் காதருகே, "என்னமோ பெரிய தப்பு பண்ணியிருக்காரு, அஞ்சு ரோஜா தப்பு இல்ல இது" என்பார். கல்யாணம் ஒன்று அவருக்குப் பேச்சளவில் வந்து பேச்சளவிலேயே போனதாகக் கேள்வி. அம்மாவோடு இருந்தார். அம்மா இடுப்பெலும்பு முறிந்து, நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், கட்டிலோடு கிடந்தார். அக்காவின் அண்ணன் ஒருவர் தொலைதூர தேசத்தில் இஞ்சினியர்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருநாள் காலையில் முதலாளி அச்சடித்த சீட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு சீட்டில் நின்றுவிட்டார்.

"இது எங்க வீடு" என்றார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். அம்மாவின் பெயர், மாடி எண், கதவு எண் எல்லாம் சரி. அனுப்புபவர் அண்ணன். மறுநாள் அம்மாவுக்குப் பிறந்தநாள்.

முதலாளி சிரித்துவிட்டார். "என்னம்மா, நீ இங்கதான் வேலை பாக்கறேன்னு உங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"பூக்கடையில வேலைன்னு தெரியும். எந்தப் பூக்கடைன்னு கேட்டதில்ல."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். முதலாளிதான் அதற்குமேல் சிரிக்க முடியாமல் குளிர் அறைப் பக்கம் போனார்.

அன்று அக்கா கட்டிய பூங்கொத்து எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. படத்தில் இருந்தது பன்னிரண்டு இளஞ்சிவப்பு ரோஜா. அக்கா வாளி வாளியாகக் கிளறி, இதழோரம் கொஞ்சமும் கறுக்காத பன்னிரண்டைப் பொறுக்கினார். மறுநாள் வண்டியில் ஏற்றும்போது, "நீங்களே சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப கொண்டு போயிடலாமேக்கா" என்றேன்.

"நான் கொண்டுபோனா அது நான் கொண்டுவந்த பூவாயிடும். நீ போய்க் குடு. கடை பேர் கேட்டா சொல்லாத."

நான்கு மாடி ஏறினேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்துவிட்டார். பகலில் அக்கா இல்லாத நேரம் அவர்தான் பார்த்துக்கொள்வார். ஒரே அறையும் அதை ஒட்டி ஒரு சமையலறையும். கட்டில், கட்டிலை ஒட்டி மலம் கழிக்கும் நாற்காலி, ஜன்னல் கம்பியில் துவைத்துக் காயப்போட்ட விரிப்புகள். மருந்து மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று மூன்று கிண்ணங்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அறையில் ஒரு சின்ன நாற்றம்கூட இல்லை. ஏழெட்டு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வந்து ஒரு ஆள் இதையெல்லாம் செய்கிறாள் என்றால் எப்போது தூங்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பூவைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிப்போனது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"எம் மகன் அனுப்பிச்சான். அவ்வளவு தூரத்துல இருந்து! எவ்வளவு புதுசா இருக்கு பாருங்க, இப்பப் பறிச்ச மாதிரி."

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"அவன் எதையும் மறக்க மாட்டான். பொண்ணும் ஒருத்தி இருக்கா. பூக்கடையிலதான் வேலை. இத்தனை வருஷத்துல ஒரு பூ கொண்டு வந்து குடுத்ததில்ல எனக்கு."

பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்து வாங்கும் பலகையைப் பார்த்துக்கொண்டேன். கடைக்குத் திரும்பியதும் அக்கா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "சந்தோஷப்பட்டாங்க" என்றேன். "வேற?" "வேற ஒண்ணும் இல்ல." அக்கா என் முகத்தைப் பார்த்தே மிச்சத்தைப் படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அம்மாவை அவருக்குத் தெரியாதா?

அதன்பிறகு வருடாவருடம் இது நடந்தது. அண்ணனின் வாழ்த்து எப்போதும் கம்பெனியே தயாராக வைத்திருக்கும் நான்கைந்து வரிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்காவது வருடம் அதிலும் ஒரு கூத்து. சீட்டில், 'அன்புள்ள, பெயரை இங்கே எழுதவும், தங்கள் வாழ்வு மலர்களைப் போல் மணக்கட்டும்' என்று வந்தது. அண்ணன் அவசரத்தில் பெயரை எழுத மறந்து அப்படியே அனுப்பியிருக்கிறார்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அப்படியே அச்சடிச்சு அனுப்பிடு. அப்பவாவது தெரியட்டும்."

அக்கா அச்சடிக்கவில்லை. வெறும் அட்டை ஒன்றை எடுத்து, பேனாவால், 'அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள். உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று எழுதி, கீழே அண்ணன் பெயரைப் போட்டார்.

அந்த அட்டையை அம்மா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டதாக அக்காவே பின்னால் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் எடுத்துக் காட்டினாராம். "அவன் கையெழுத்துதான் இது. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு எழுத்து இப்படித்தான், வலது பக்கமா சாயும்." இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். பார்க்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

ஒருதடவை நானே கேட்டுவிட்டேன். "நீங்களும் ஒரு பொக்கே கட்டிக் குடுங்களேன்க்கா. அம்மா ஆசைப்படறாங்கல்ல?"

"குடுத்தேன்."

"எப்போ?"

"போன மாசம். வெள்ளை லில்லி, புதுசா வந்து இறங்கினது. மொட்டு அப்பத்தான் விரியுது. கையில குடுத்தேன். மோந்து பாத்துட்டு, 'கடையில மிஞ்சினதா? வாடறதுக்குள்ள உன் தலையில கட்டிட்டாங்களா?'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

அந்த லில்லியைச் சமையலறையில் பிளாஸ்டிக் வாளியில் வைத்தாராம். ஒரு வாரம் அங்கேயே பூத்துக் கொட்டியிருக்கிறது. அதன்பிறகு அக்கா வீட்டுக்குப் பூ கொண்டுபோகவே இல்லை.

ஏழாவது வருடப் பூங்கொத்து போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அம்மா இறந்தார். தூக்கத்திலேயே. அக்கா முதலாளிக்குப் போன் செய்து நான்கு நாள் லீவு கேட்டார். அண்ணனுக்கும் சொல்லியிருந்தார். அவர் தனக்கு லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைத்தாலும் அடக்கத்துக்கு நேரத்துக்கு வந்துசேர முடியாது, "நான் வந்து இனி என்ன ஆகப்போகுது" என்றாராம்.

பத்து மணிக்கு முதலாளிக்கு மறுபடியும் போன். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அண்ணன் மலர்வளையம் ஆர்டர் பண்ணியிருக்கான். உங்களுக்கு வந்திருக்குமே?"

வந்திருந்தது. அந்தச் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி ஒரு மணி நேரமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அதை நாங்க பாத்துக்கறோம்மா. நீ அங்க இரு" என்றார்.

"யாரும் தொட வேண்டாம். நான் வரேன்."

பக்கத்து வீட்டுப் பெண்மணியைப் பிணத்தருகே உட்கார வைத்துவிட்டு வந்தார். துவைத்த உடையும் ஈரத் தலையுமாக நேரே குளிர் அறைக்குள் போனார். அண்ணன் கேட்டிருந்தது வெள்ளை லில்லி. அன்று வந்த லில்லியெல்லாம் இறுகிப்போன பச்சை மொட்டு. இன்னும் நான்கு நாளானாலும் விரியாது. அக்கா அவற்றை ஒதுக்கிவிட்டு, வெள்ளை ரோஜாவும் கார்னேஷனும் எடுத்தார். ஈரம் தாங்கும் பச்சை நுரை வளையத்தில் ஒவ்வொன்றாகக் குத்தினார். ஒரு இடத்தில்கூட வளையம் தெரியவில்லை. இரண்டு மணி நேரம். முதலாளி தேநீர் வைத்துவிட்டுப் போனார். அது ஆடை கட்டிக் கிடந்தது. அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. "தண்டு ரொம்ப நீளம், அந்தக் கத்திரியை எடு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

வேனில் பின்னால் மலர்வளையம், முன்னால் என் பக்கத்தில் அக்கா. வீட்டுக்குப் போய் வளையத்தைச் சவப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்தோம். கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பூ மட்டும்தான் தெரிய வேண்டும், ஆட்கள் தெரிந்தால் படத்தை ஏற்காது. அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றேன்.

நகர்ந்துகொண்டார். வாழ்க்கையில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பும் வார்த்தைகள் சில உண்டு. அதில் இது முதலாவது.

அடக்கம் முடிந்தது. அக்கா ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் கம்பெனியிடமிருந்து ஒரு புகார் வந்தது. வாடிக்கையாளர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். 'வெள்ளை லில்லி கேட்டிருந்தேன். படத்தில் பார்த்தால் ஏதோ மலிவான பூ. தாயை இழந்து நிற்பவனைக்கூட ஏமாற்றுகிறார்கள். இதைக் கட்டியவருக்கு மனசாட்சி இருக்கிறதா?' யார் கட்டியது, ஏன் மாற்றியது என்று இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கமும் மன்னிப்பும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி அதை மறைக்கத்தான் பார்த்தார். ஆனால் புகார் அச்சடித்து வருவதும் அதே மேஜைக்குத்தான். அக்கா படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"நான் எழுதி அனுப்பிடறேன், நீ விடு" என்றார் முதலாளி.

"கட்டினது நான். நானே எழுதறேன்."

எழுதினார். பூ வரத்துக் குறைவு, தரம் கருதி மாற்றப்பட்டது, ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மன்னிக்கவும். மூன்றே வரி, கம்பெனி கேட்ட அதே நடையில். அதை அனுப்பிய பிறகுதான் அண்ணனுக்குப் போன் போட்டார். கை ஈரம் என்பதால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நானும் முதலாளியும் அங்கிருந்து நகர வேண்டும் என்று தோன்றியும் நகரவில்லை.

"உனக்கு மன்னிப்பு வந்துச்சா?"

"என்ன மன்னிப்பு?"

"மலர்வளையத்துக்கு. அதைக் கட்டினது நான்தான். இந்தக் கடைதான் அது. ஏழு வருஷமா அம்மாவுக்கு நீ அனுப்பின பூவெல்லாம் இங்கதான் வந்துச்சு. நான்தான் கட்டினேன்."

அண்ணன் சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நேரா உன்கிட்டயே சொல்லியிருப்பேனே. நல்ல பூவாப் பாத்து வெச்சிருப்பியே."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, "நல்ல பூதான் வெச்சேன்" என்றார். குரல் ஏறவில்லை. "எந்தக் கடையில வேலை பாக்கறேன்னு ஒரு தடவை கேட்டியா நீ? அம்மாவை யாரு குளிப்பாட்டறா, யாரு தூக்கி உக்கார வெக்கறான்னு ஒரு தடவை?"

"நீதான் பாக்கறேன்னு தெரியும்ல. அதைப் போயி என்ன கேக்கறது? சரி, இப்ப என்ன, அந்தக் கம்ப்ளெயின்ட்டை எடுத்துடறேன், விடு."

அக்கா போனை அணைத்தார். ஈரக் கையோடேதான் அணைத்தார்.

அண்ணன் சொன்னபடியே செய்தார். அன்று மாலையே புகார் மறைந்து, அந்த இடத்தில் ஐந்து நட்சத்திரமும் ஒரு வரியும் வந்திருந்தன: 'குடும்பத்தில் ஒருவரைப் போலப் பொறுப்பாகச் செய்துகொடுத்தார்கள்.'

கம்பெனி எங்கள் கடைக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. முதலாளி அதைப் பிரிக்காமலேயே கிழித்துக் குப்பையில் போட்டார்.

அண்ணன் அதன்பிறகு நான்கைந்து முறை போன் செய்தார். அக்கா எடுக்கவில்லை. ஒருமுறை கடை எண்ணுக்கே கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். தங்கை இருக்கிறாரா என்று கேட்டார். அக்கா எனக்கு நேரெதிரில் நின்று கார்னேஷன் எண்ணிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். "வெளிய போயிருக்காங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

நான் வேறு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் நுழைந்தேன். அக்கா நாலாம் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார். மேஜையில் ஒரு கல்யாணப் பூங்கொத்து பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, "அண்ணன் மேல கோபம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "அம்மா மேலயும் போகல."

பிறகு ரிப்பனைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் பிடி" என்று பூங்கொத்தை என் கையில் கொடுத்தார்.