மாமியார் வீட்டுக் கம்ப்யூட்டர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த வீட்டில் பதினொரு வருஷமாக ஒரே பெயர்தான்: மாப்பிள்ளை. போன வருஷம் மைத்துனிக்குக் கல்யாணம் ஆனதும் அந்தப் பெயருக்கு முன்னால் 'பெரிய' என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. கேட்பவர்களுக்கு அது மரியாதை. அவருக்கோ பஸ்ஸில் தனியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

மாமியார் தையல்காரர். ஹோட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குச் சீருடை தைப்பவர்களுக்கு, துணி வெட்டுவதற்கான அளவுப் படங்களை வரைந்து கொடுப்பார். முன்பெல்லாம் பழுப்புத் தாளில் கையால் வரைந்துகொண்டிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட இருந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்க அவருடைய கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் ஓடியது. அதைப் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்து கற்றுக்கொண்ட வித்தையை மாமியார் வீட்டில் இறக்கினார். மாமியாருக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அதிலிருந்து எது ஆனாலும் போன் அவருக்குத்தான். லிஃப்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். "மாப்பிள்ளை, இது என்னமோ கேக்குது, எஸ் குடுக்கவா நோ குடுக்கவா?" என்று மாமியார் குரல் வரும். பக்கத்தில் நிற்கிறவனிடம், "மாமியார். நான் இல்லாம ஒண்ணும் ஓடாது அங்க" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில் இருந்த சுகம் சம்பள உயர்வில்கூட அவருக்கு இருந்ததில்லை.

பிறகுதான் சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். மற்றவர்கள் முன்னால் மெக்கானிக் அவனைத் 'தம்பி' என்பார், 'வாங்க போங்க' என்பார். மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதிர்ந்து பேச மாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைப்பான். எங்கே ஒரு குறை கிடைக்கும் என்று மெக்கானிக் வருஷம் பூராவும் துருவிப் பார்த்துவிட்டார், ஒன்றும் அகப்படவில்லை. அந்த எரிச்சலே தனி.

வினை பிரிண்டரில் ஆரம்பித்தது. அளவுப் படம் அச்சாகும்போது ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டுப்பட்டது. மெக்கானிக் இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். சனிக்கிழமை சின்னவன் வந்து, "நான் ஒரு தடவை பாக்கட்டுமா அத்தை?" என்று உட்கார்ந்தவன் பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டான். பிரிண்டர் ஒழுங்காக அச்சடித்தது. மாமியார் இதை மெக்கானிக்கிடம் போனில் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "பத்தே நிமிஷம் மாப்பிள்ளை!" என்று மூன்று தடவை சொன்னார்.

அன்றைக்கு மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி என்னதான் செய்திருப்பான் என்று தெரிந்தாக வேண்டும். சின்னவனும் மைத்துனியும் ஒருநாள் பயணமாக வெளியூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாமியார் வீட்டுக்குப் போனார். மாமியார் முன்னறையில் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் உள்ளறையில் கம்ப்யூட்டரைத் திறந்து, பிரிண்டரின் அமைப்புக் கோப்பைத் தேடிப் பிடித்தார். சாதாரணமாக அது திறக்கவில்லை. லினக்ஸில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு; வீட்டின் எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவர் மாதிரி. அந்த ரூட்டின் அதிகாரத்தோடு, கோப்பைத் திருத்தும் எடிட்டரைத் திறந்து கோப்புக்குள் போனார்.

சின்னவன் மாற்றியிருந்தது ஒரே ஒரு வரி.

ஒரு பக்கமாவது மாற்றியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அந்த ஒற்றை வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"அது... அப்டேட் போடறேன் அத்தை. ரொம்ப நாளாச்சுல்ல."

சொல்லிவிட்டதால் போட்டே ஆக வேண்டியதாயிற்று. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து முழு சிஸ்டத்தையும் அப்டேட் செய்து, அணைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் யாரையும் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளும், திரை ஒரு நொடி இருளும், மறுபடி அதே பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்து நிற்கும். ஒரு ஹோட்டலுக்கான அளவுப் படங்கள் நாலு மணிக்குள் துணி வெட்டுகிறவர் கைக்குப் போக வேண்டும். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்.

மாமியார் போன் செய்தது சின்னவனுக்கு.

இந்தச் செய்தி மெக்கானிக்குக்கு மனைவி மூலமாகத்தான் வந்தது. "அம்மா அழாத குறையா இருக்காங்க. தம்பி காலையில இருந்து பாக்கறார், முடியலையாம். அவரேதான் சொன்னாராம், பெரியவரைக் கூப்பிடுங்கன்னு. நானும் லீவு சொல்லிட்டு அங்க போறேன், வந்துருங்க."

தம்பி பார்க்கிறார் என்றதும் வயிறு எரிந்தது. கடைசியில் கொஞ்சம் குளிர்ந்தது. தன்னை முதலில் கூப்பிடவில்லை. ஆனால் அவனால் முடியவில்லை! மேலதிகாரியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, கைப் பிசுக்கைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஸ்கூட்டரை முறுக்கினார்.

உள்ளறையில் மாமியார், மனைவி, மைத்துனி, சின்னவன் நாலு பேரும் நின்றிருந்தார்கள். சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாங்கண்ணா. நான் ஆபீஸ்ல விண்டோஸ்தான் அதிகம் பாக்கறது. இதுல பிரிண்டர் மட்டும் நெட்ல படிச்சுப் பண்ணினேன். பாஸ்வேர்டை இருபது தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கும் தம்பி. தப்புன்னா அதுவே சொல்லியிருக்கும்." இதைச் சொல்லும்போது மெக்கானிக் நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 என்ற விசைகளைச் சேர்த்து அழுத்தினார். படங்கள் எல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வந்தது. மைத்துனி "ஐயோ" என்றாள். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

அங்கே அதே பாஸ்வேர்டு வேலை செய்தது. அப்படியானால் ஆள் உள்ளே வரலாம். படத்திரைதான் எழும்ப மறுக்கிறது. ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். தாராளமாக இருந்தது. அடுத்து, மாமியாரின் கோப்புகள் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டச் சொன்னார். படத்திரை எழும்ப ஒரு சின்னக் கோப்பு உண்டு, அனுமதிச் சீட்டு மாதிரி. அது மாமியார் பெயரில் இருந்தாக வேண்டும். இருக்கவில்லை. ரூட்டின் பெயரில் இருந்தது.

பக்கத்திலேயே தேதியும் நேரமும் இருந்தன. ஞாயிறு, மாலை நாலு இருபது.

ஞாயிறு நாலு இருபதுக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று மெக்கானிக்குக்குத் தெரியாதா? வேவு பார்க்க ரூட்டாக எடிட்டரைத் திறந்தபோது அந்தச் சீட்டையும் ரூட்டின் பெயருக்கு மாற்றிவிட்டிருக்கிறார். பாவம், அப்டேட் ஒரு தப்பும் செய்யவில்லை.

"என்ன மாப்பிள்ளை, தெரிஞ்சுதா?"

"ம். ஒரு ஃபைல் ரூட் பேருக்கு மாறிப் போயிருக்கு அத்தை."

"அண்ணா," என்றான் சின்னவன். அவன் முகம் விழுந்துவிட்டது. "சனிக்கிழமை பிரிண்டருக்காக நான் ரூட்டா போய்த்தான் மாத்தினேன். அப்ப நான்தான் கெடுத்திருக்கேன். ஸாரி அத்தை." பிறகு அவர் தோளுக்கு மேல் குனிந்தான். "எங்க இருக்கு, காட்டுங்கண்ணா. கத்துக்கறேன்."

மெக்கானிக்கின் விரல்கள் மூளையைக் கேட்காமலே திரையைத் துடைக்கும் கட்டளையை அடித்தன. தேதியோடு எல்லாம் மறைந்தது. "அப்புறம் சொல்லித் தரேன் தம்பி, இப்ப அத்தைக்கு அவசரம்" என்று சொல்லி, கோப்பை மாமியார் பெயருக்கு மாற்றும் ஒற்றை வரியை அடித்தார். பழைய திரைக்குத் திரும்பிப் பாஸ்வேர்டைப் போட்டார். மாமியாரின் அளவுப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமாக எட்டு நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

மாமியார் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "எனக்குத் தெரியும், நீங்க வந்தா சரியாயிரும்னு. இனிமே நீங்க தவிர யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

பதினொரு வருஷத்துப் பெயர் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே ஒரு வருஷமாக வெந்துகொண்டிருந்தார்! பிரிண்டர் படங்களைத் துப்பத் தொடங்கியது. மனைவி அவற்றை எடுத்து எடுத்துச் சுருட்டினாள். கணவனைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். மெக்கானிக் உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அப்போதுதான் மைத்துனி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாத வேலையில ஏன் தலையக் குடுக்கறீங்க? எங்க அம்மா பொழப்புல விளையாடறதுக்கா வந்தீங்க? எங்க போனாலும் இதே வழக்கமாப் போச்சு உங்களுக்கு."

சின்னவன் கையில் வைத்திருந்த சின்ன நோட்டை மூடினான். கற்றுக்கொண்டதை எழுதிக்கொள்ள எடுத்து வைத்திருந்திருக்கிறான். மாமியார் கண்டுகொள்ளாத மாதிரி டேப்பைச் சுற்றினார்.

அவன் திட்டு வாங்க வேண்டும் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. இப்போது வாங்குகிறான், தலை குனிந்து வாங்குகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. திருட்டுப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவன் அடி வாங்குவதைப் பார்ப்பது என்ன பிழைப்பு?

"அவரைத் திட்டாதம்மா," என்றார். "அவர் இல்லை, நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஞாயித்துக்கிழமை அப்டேட்டுக்குன்னு வரலை. பிரிண்டரை எப்படிச் சரி பண்ணினார்னு பாக்க வந்தேன். ரூட்டா போய் நோண்டினேன். அதுலதான் மாறியிருக்கு. தேதி அதுல இருந்துச்சு. அவர் பாத்துருவாருன்னு அழிச்சுட்டேன்."

"எதுக்கு? அவர்கிட்ட கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரே?" மாமியாருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"பொறாமை அத்தை. வேற என்ன?"

பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன்தான் முதலில் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. "விடுங்கண்ணா. நான் பண்ணியிருந்தா சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன். அத்தை, அண்ணனே இதைப் பாத்துக்கட்டும். நான் கூட இருந்து கத்துக்கறேன்." அவர் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்தான். "சொல்லுங்க, எந்த ஃபைல்?"

மைத்துனியின் முகம் மலர்ந்துவிட்டது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசு உங்களுக்கு" என்றார். மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டது இவர், பாராட்டு அவனுக்கு. மன்னிப்பதிலும் முந்திக்கொண்டுவிட்டான் பார் என்று மெக்கானிக்குக்கு மறுபடி வயிற்றில் பற்றிக்கொண்டது. அந்த நிலையிலும் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

நாலு மணிக்கு முன்பே படங்கள் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தார். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் குத்திக்காட்டுகிற எண்ணம் துளியும் இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்:

"என் தங்கச்சி குடுத்து வெச்சவ."