பரணில் இருந்தவள்

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது வரலட்சுமி வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிடுவாள். சடையங்குப்பத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் வீட்டு வாசலில் பாயும் தலையணையும் வெயில் காய ஆரம்பித்தால்தான், லீவு முடியப்போவது மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கே உறைக்கும்.

அவளுக்கு மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகளுக்குள் போய்ப் பெருக்கிக் கழுவ வேண்டும். உள்ளே புழுக்கமும் இருட்டும். கூட வேலை செய்யும் பெண்கள் ஜோடியாகத்தான் நுழைவார்கள். வரலட்சுமி தனியாகவே போய்விடுவாள். "இருட்டு இன்னா, கடிச்சா துன்னுடும்?" என்பாள்.

இந்த வருஷம் சுவரிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீரோடு எங்கிருந்தோ எண்ணெய்க் கழிவும் கலந்து வந்திருந்தது. தண்ணீர் வடிந்தபிறகு சுவரில் நெஞ்சு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. இரண்டு தடவை வெள்ளையடித்தும், வெயில் ஏறினால் சுண்ணாம்பைத் தாண்டிக் கசிந்துகொண்டே இருந்தது. புருஷன் சுப்புராயனும் அவளும் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அவசரத்தில் தள்ளி வைத்த பீரோ, அன்றைக்குத்தான் திரும்ப நகர்ந்தது. அதன் பின்னால் சுண்ணாம்பே படவில்லை.

அங்கே கைகள் இருந்தன.

எண்ணெய் தோய்ந்த உள்ளங்கைகள். கோட்டிலிருந்து ஆரம்பித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பரண்வரை ஏறியிருந்தன. சில அச்சுகளில் விரல்கள் மேலே பார்த்தன. சிலவற்றில் வழுக்கிக்கொண்டு கீழே இழுபட்டிருந்தன. யாரோ பலமுறை இறங்கி ஏறியதுபோல.

"தண்ணி வடிஞ்சப்போ வூட்டை கழுவினமே, நம்ப கைதான் பட்டுகீது" என்றான் சுப்புராயன்.

வரலட்சுமி தன் கையை ஒரு அச்சின்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கை பெரிதாக இருந்தது. எட்டாவது போகப்போகும் மகள் அம்மு ஓடிவந்து தன் கையை வைத்தாள். விரலுக்கு விரல் அப்படியே பொருந்தியது.

"என்னுதுதாம்மா!"

"வெள்ளம் வந்தப்போ நீ ஆறாவது. உன் கை இத்தினிக்கூண்டு."

அம்மு கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளம் ஏறுமுன்பே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பூட்டு போட்டபடியே தொங்கியது. ஜன்னல் கம்பிகள் வளையவில்லை. பரணுக்கு மேலே கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டும் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. புயல்காற்று என்று நினைத்துச் சுப்புராயன் வெளியே கூரைமேலிருந்தே கம்பி போட்டுக் கட்டினான். தப்பிய சாமான்களை மூட்டை கட்டி பரணின் முன்பக்கம் அடைத்தான். அதோடு, போன வருஷச் சுத்தத்தின்போதுகூட, யாரும் அங்கே ஏறவில்லை.

வரலட்சுமி ஸ்டூல் போட்டு ஏறினாள். மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். பின்மூலைக்குத் தவழ்ந்து போனாள்.

"இன்னாமே, எலியா?" என்றான் சுப்புராயன் கீழிருந்து.

மூலையில் அவளுடைய பழைய வாயில் புடவை நாலாக மடித்து விரித்திருந்தது. தலைமாட்டில் அம்முவின் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள், தலையணை உயரத்துக்கு. பக்கத்தில் சின்னவன் தீபனின் தண்ணீர் பாட்டில், காலியாக. பிஸ்கட் உறைகள் சின்னச் சின்னச் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தன. சமையல்கட்டில் இருந்த கத்தரிக்கோல். அதன் அருகே எண்ணெயில் ஊறி இறுகிப்போன தலைமுடி, ஒரு பின்னல் நீளத்துக்கு வெட்டப்பட்டு, பிளாஸ்டிக் தாளில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எல்லாம் அத்தனை ஒழுங்கு. விருந்தாளியாக வந்த பெண் கிளம்புமுன் படுக்கையைச் சுருட்டி வைப்பதுபோல.

கடைசியில் ஒரு தாவணி. கறுத்து, மரப்பட்டைபோல் விறைத்துக் கிடந்தது. அந்த வீட்டில் யாரும் தாவணி கட்டியதில்லை.

கீழே இறங்கி வந்தவளிடம் அம்மு மெதுவாகச் சொன்னாள்: "என் பழைய யூனிபார்மு ஒண்ணு காணோம்னு அப்பவே சொன்னேன். நீதான் தண்ணி அட்ச்சுகினு போயிருக்கும்னே."

சாயங்காலம் மங்கம்மா மீன்கூடையோடு அந்த வழியாக வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. வெள்ளத்தின்போது வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருந்தவள். வரலட்சுமி தாவணியைக் காட்டியதும் கூடையை இறக்கித் தரையில் வைத்தாள்.

"உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்டி."

"இன்னாக்கா?"

"மழை வுட்ட அன்னிக்கி காலீல உன் வூட்டு கூரை மேல ஒரு பொண்ணு நின்னுகினு இருந்துச்சு. யூனிபார்மு போட்டுகினு. அம்முன்னு நெனச்சிட்டேன். 'ஏ அம்மு, இந்த தண்ணில இஸ்கோலுக்கா கெளம்பிட்டே?'ன்னு கேட்டேன். கைய தூக்கி காட்டுச்சு. மோட்டார் போட்டு வர்ற சத்தம் கேட்டு அந்தாண்ட திரும்பினேன். இந்தாண்ட பாத்தா ஆளில்ல. மத்தியானம் என்னை முகாமுக்கு இட்டுகினு வந்தாங்க. அங்க உன் பொண்ணு உன் மடில படுத்துகினு கீறா. நான் மெர்சலாயிட்டேன்."

"தண்ணில வுழுந்த சத்தம் எதுனா கேட்டுச்சா?"

மங்கம்மா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இல்ல. அதாண்டி எனக்கு இன்னமும் பேஜாரா கீது."

சுப்புராயன் ஆற்றில் வலை போடும் ஆள். கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக் குப்பங்களில் எல்லாம் விசாரித்தான். ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னான். அந்த வெள்ளத்தில் அந்த வயதில் ஒரு பெண் காணாமல் போனதாக ஒருவரும் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் பிள்ளை குறையவில்லை. பிணம் ஒதுங்கியதாகவும் பேச்சில்லை.

"அப்போ பொழச்சிருக்கும்மே" என்றான். "எங்கேயோ நல்லா இருக்கும்."

"யாரும் தேடலன்னா இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

மறுநாள் யார்டில் அவளுக்கு ஒரு நீளப்பெட்டி ஒதுக்கியிருந்தார்கள். மேற்பார்வைக்காரர் கதவைத் திறந்துவிட்டுப் போனார். வெளியே பட்டப்பகல். வரலட்சுமி துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வெயில் எட்டாத மூலை இருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த இருட்டுதான். அன்றைக்கு அதற்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல இருந்தது.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டாள்.

தகரத்தில் பட்டு அவள் குரலே திரும்பி வந்தது. அது கொஞ்சம் இளசாக, வேறு யாரோ கேட்பதுபோல ஒலித்தது. அடங்கும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து கேட்காமல் எந்தப் பெட்டிக்குள்ளும் அவள் நுழைவதில்லை. கூட இருக்கும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களில் சிலரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. பள்ளி திறப்பதற்கு முதல்நாள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கோட்டைத் தேய்த்தாள். கைகளிடம் வந்ததும் துணியைப் போட்டுவிட்டாள். "அழிச்சுடுமே, பசங்க பயப்படுது" என்றான் சுப்புராயன். அவள் கேட்கவில்லை. பீரோவை மறுபடி அங்கேயே தள்ளச் சொன்னாள். பரணைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு பாய் விரித்து, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். அம்முவின் சின்னதாகிப்போன உடுப்பு ஒரு ஜோடியும் வைத்தாள். தலைமுடியைப் பொட்டலத்தோடு ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள். காலையில் அம்முவும் தீபனும் பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் மழை வலுத்தது. தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் முகாமுக்குக் கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தது. சுப்புராயன் பூட்டை எடுத்தான். வரலட்சுமி அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? திருட்டுப்பய எவனா பூந்துடுவான்."

"பூரட்டும்" என்றாள். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கினாள்.

நல்ல காலம், தண்ணீர் படிக்கட்டைத் தாண்டவில்லை. நாலைந்து நாளில் வடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது கதவு சாத்தியபடியே இருந்தது. வீட்டில் ஒரு பொருள் குறையவில்லை. வரலட்சுமி ஈரக்காலோடு முதல் வேலையாகப் பரணில் ஏறினாள். பாய் கசங்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருந்தது. உடுப்பு வைத்த மடிப்புக் கலையவில்லை; யாரும் வந்து போகவில்லை. நிம்மதி வர வேண்டிய நேரம். அவளுக்கு வரவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கூரைமேல் சொட்டிக்கொண்டிருந்த மிச்ச மழையை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.