ஏலக்காரியின் சொந்தக் குரல்

எனக்குக் கட்டைக் குரல். பிறவியிலேயே அப்படித்தான். தாராவியில் வாப்பாவின் தோல்பைப் பட்டறைக்கு மேலேயே எங்கள் வீடு. வாப்பா கைவேலையாக இருக்கும்போது அவருடைய போனை நான் எடுத்தால், எதிரில் பேசும் வியாபாரி ஆண் என்று நினைத்து "போலோ பாய்", சொல்லுங்க அண்ணே, என்பார். நான் மகள் என்று சொன்னால் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் டீச்சர்' என்றதும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷக் கணக்கில் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

உம்மாவுக்கும் இதே குரல்தான். எனக்கு அவளிடமிருந்து வந்தது. ஆனால் வெளியாள் யார் வந்தாலும் முக்காட்டு நுனியை வாயருகே இழுத்துக்கொண்டு மெலிசான ஒரு குரலில் பேசுவாள். போனிலும் அப்படியே. அந்தக் குரலை எனக்கும் பழக்கினாள். "ஏட்டி, மெதுவாப் பேசு. கேக்குறவன் ஆம்பளன்னு நெனைச்சிருவான்" என்பாள். தான் பட்ட கேலியைப் பிள்ளையும் படக் கூடாது என்ற பிரியம்தான். அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கோபம் வரும்.

எங்கள் கேபிளில் தமிழ்ச் சேனல் கிடையாது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஹிந்தியில் டப் செய்த தமிழ்ப் படம் ஒன்று ஓடும். அப்படி நானும் உம்மாவும் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு படத்தில் கதாநாயகி கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். அத்தனை ஆண்களுக்கு நடுவே இடுப்பில் கை வைத்து நிற்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். வாயைத் திறந்தால் மட்டும் சின்னப் பிள்ளை கொஞ்சுவது போல ஒரு மெல்லிய ஹிந்திக் குரல். அந்தக் குரலில் எப்படித்தான் மீன் விற்றதோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அன்றைக்கு இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. தைரியசாலிப் பெண்ணுக்கும் குரல் அப்படித்தான் இருக்கும்போல என்று கண்ணாடி முன் நின்று அதே மாதிரி பேசிப் பழகினேன். யாரோ ஒருத்தி ஹிந்தியில் இரவல் கொடுத்த குரல் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்றுதான் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

பி.எட். முடித்துத் தமிழ் ஆசிரியை வேலை தேடினேன். போகிற இடத்தில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைத் தேர்ந்து வைத்திருந்தேன். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஆற்றங்கரையில் நின்று அக்கரை ஓடக்காரரைக் கூப்பிடுகிற கதை. வீட்டில், கீழே தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சலில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அதை என் குரலில் வாசிப்பேன். அவளோடு சேர்ந்து நானும் கூப்பிடுவேன். தொண்டை திறந்து மனசு லேசாகிவிடும்.

வகுப்பில் நின்றதும் அந்தப் பாழாய்ப்போன மெலிசுக் குரல் வந்து ஒட்டிக்கொள்ளும். போய் வந்த இரண்டு பள்ளிகளிலும் ஒரே பதில்தான். பாடமெல்லாம் நன்றாக இருக்கிறது, கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. பம்பாயில் தமிழ் ஆசிரியை வேலை எங்கே கொட்டிக் கிடக்கிறது? மூன்றாவதாகச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடம் வரச் சொல்லியிருந்தது. அதுவும் கைவிரித்துவிட்டால் பட்டறையில் பில் போட உட்கார வேண்டியதுதான்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வாப்பா இரண்டு டிக்கெட்டோடு வந்தார். மாட்டுங்காவில் தமிழ்ப் படம் போடும் தியேட்டரில் அந்த ஏலக்காரி படத்தை மறுபடி வெளியிட்டிருந்தார்கள், தமிழிலேயே. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியாமல் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வா என்றார்.

முதல் காட்சியிலேயே ஏலம். அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

கட்டைக் குரல். என் குரல். சொந்தக் குரலிலேயே பேசி நடித்திருந்தாள். தியேட்டர் முழுக்க விசில். உம்மா வாயருகே வைத்திருந்த முக்காட்டை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, இவ நம்மள மாதிரில்லா பேசுதா."

முழுத் தொண்டையில் சொன்னாள். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உம்மா சட்டை செய்யவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, இத்தனை வருஷம் இரவல் குரலைப் பார்த்து ஏங்கினோமே என்ற ஆத்திரம் பாதி.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது உம்மா வாசல்வரை வந்தாள். "நம்ம தொண்டையிலயே வாசி" என்றாள். அவ்வளவுதான்.

செம்பூர் வகுப்பில் முதல் வரிகள் பழக்க தோஷத்தில் மெலிசாகத்தான் வந்தன. கடைசி பெஞ்சில் ஹிந்தியில் அரட்டை தொடங்கியது. கதையில் அவள் கூப்பிடும் இடம் வந்ததும் பிடிவாதமாக நிறுத்தி, மூச்சை இழுத்து, என் குரலில் கூப்பிட்டேன். "ஓடக்காரரே!" அரட்டை நின்றது. பிறகு சிரிப்பு எழுந்தது. எழும் என்று தெரியும். சிரிக்கிறார்கள் என்று ஏலக்காரி மீனைப் போட்டுவிட்டா போனாள்? இன்னும் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கதை முடிவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், ஓடம் வந்ததா டீச்சர் என்று கேட்டாள். அடுத்த வாரமே வேலையில் சேரலாம் என்று தலைமை ஆசிரியை அங்கேயே சொல்லிவிட்டார்.

செம்பூர் ஸ்டேஷன் வந்ததும் வாப்பாவின் போனுக்கு அடித்தேன். பின்னால் மெஷின் இரைச்சல். "ஹலோ, யாரு?" என்றது கட்டைக் குரல்.

"வாப்பா, வேலை கெடச்சிட்டு."

அதே குரல் சொன்னது: "வாப்பா தொழுவப் போயிருக்காக. நான் உம்மால்லா பேசுதேன்."

என் உம்மா போனில் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு 'போலோ பாய்'க்கும் கொதித்த நானே அவளை வாப்பா என்று நினைத்துவிட்டேன்.

"மெஷின் சத்தத்துல சரியாக் கேக்கல்ல. இன்னொரு மட்டம் சொல்லு" என்றாள் உம்மா.

பிளாட்பாரத்துக்குள் ரயில் வந்துகொண்டிருந்தது. "உம்மா, எனக்கு வேலை கெடச்சிட்டு" என்று சொன்னேன். அந்த இரைச்சலிலும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.