பின்சீட்டுப் பேச்சு

தினமும் வேலைக்குப் போய்வரும் நேரத்தை எப்படிப் பயனுள்ளதாக ஆக்கிக்கொள்வது என்று சொல்லித்தரும் கட்டுரைகளை ஒரு காலத்தில் விடாமல் படித்தேன். ரயிலில் போகிறவன் படிக்கலாம், பஸ்ஸில் போகிறவன் தூங்கலாம் என்பார்கள். ஸ்கூட்டரில் போகிறவனைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை. அவன் செய்யக்கூடிய ஒரே பயனுள்ள காரியம் உயிரோடு போய்ச் சேருவதுதான் என்று விட்டுவிட்டார்கள்போல. நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹெல்மெட்டுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு தத்துவச் சொற்பொழிவு கேட்பது. நிலையாமையைப் பற்றி ஒரு பெரியவர் ரொம்ப நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முதுகில் ஒரு அடி விழுந்தது.

"அத மொதல்ல காதுலருந்து எடுங்க. நான் பேசணும்."

என் மனைவி. அன்றோடு என் தத்துவக் கல்வி முடிந்தது.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். என் ஆபீஸ் தென்காசியில். அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் குற்றாலத்தில். ஆகவே காலையில் ஆபீஸ் வாசலைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைத் தாண்டி, மேலகரம், நன்னகரம் வழியாகக் குற்றாலம் போய் அவளை இறக்கிவிட்டு மறுபடி தென்காசிக்கு வருவேன். சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டுச் செய்வேன்.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ள முடியாது. சண்டையெல்லாம் இல்லை, இடம் இல்லை. என் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, அதற்கு ஈடாகக் காது அபாரம். அம்மா ஹாலை விட்டு நகர மாட்டாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வருடம் எங்கள் வீட்டில் தும்முவதற்கே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதனால் புருஷன் பெண்டாட்டி பேச வேண்டிய சகலமும் ஸ்கூட்டரில்தான் நடந்தது. அப்பா பாத்ரூம் விளக்கை அணைக்காதது, அவள் தம்பி வயலை விற்கப் பார்ப்பது, நான் எழுதும் கதைகளில் தான் வருவதாக அவள் சந்தேகப்படுவது எல்லாம். வண்டி வீட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். மீதி மறுநாள் காலை. நாடாளுமன்றம்கூட இவ்வளவு ஒழுங்காக ஒத்திவைக்கப்படாது.

இதில் ஒரு வசதி இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியில் எனக்கு அவளுடைய முழங்கையும் சாப்பாட்டுப் பையும்தான் தெரியும். அவளுக்கு என் ஹெல்மெட்டின் பின்பக்கம். கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் முடியாது.

கார்த்திகை மாதம் ஒரு காலை. குற்றாலம் ரோடு முழுக்க ஐயப்ப சாமிகளின் வேன்கள். மேலகரம் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"ஒரு விஷயம் சொல்லுதேன். வண்டிய நிறுத்தப்பிடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது."

"திரும்பிப் பாத்தா ரெண்டு பேரும் வேனுக்கு அடியிலதான் கெடப்போம். சொல்லு."

"மார்ல ஒரு கட்டி இருந்துது. கூட வேலை பாக்க டீச்சரக் கூட்டிக்கிட்டுப் போயி காமிச்சேன். ஊசி வச்சு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. அதான்னு வந்துட்டு."

அந்த நோயின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. அதான் என்றால் அதுதான்.

நான் என்ன செய்தேன் என்றால், இண்டிகேட்டரைப் போட்டேன். திரும்புவதற்கு வளைவே இல்லாத நேர் ரோட்டில். இவ்வளவு புத்தகம் படித்தவனுக்கு அந்த நேரத்தில் கை போன இடம் அது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவன், "சார், இண்டிகேட்டர் எரியுது" என்று கத்திவிட்டுப் போனான். அணைக்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூட வாசல்வரை அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. இறங்கி, சேலையைச் சரிசெய்து, "சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் அவள் நிபந்தனைகளைச் சொன்னாள். உடனே திருநெல்வேலிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று தென்காசி டாக்டர் சொல்லியிருக்கிறார். அது மார்ச் கடைசியில், மகளுடைய பரீட்சை முடிந்த பிறகுதான் நடக்கும். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

"ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும். இவளுக்குத் தெரிஞ்சா புஸ்தகத்தத் தொட மாட்டா. ஒரு வருசம் வீணாப் போவும்."

"டாக்டர் காத்திருக்கச் சொன்னாரா?"

"அவரு பிள்ளைக்கா பரீட்சை?"

அதன்பின் தினமும் இதே பேச்சுதான். ராத்திரியெல்லாம் கண்டதையும் படித்து, வாதங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு காலையில் வண்டியை எடுப்பேன். முதல் வாதத்தைச் சொல்வதற்குள் ஒரு பஸ்காரன் ஹாரன் அடிப்பான். இரண்டாவது வாதத்தை அவள் பாதியிலேயே ஒடிப்பாள். கணக்கு டீச்சர். மூன்றாவதைச் சொல்லத் தொடங்கும்போது பள்ளிக்கூடம் வந்துவிடும். வீட்டில் அதே பெண் என் எதிரே நின்று சோறு போடுவாள். நான் ரசத்தில் உப்பு கம்மி என்பேன். மொட்டைமாடியில் நாங்கள் தனியாக நின்ற சாயங்காலங்களும் இருந்தன. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சட்டம் அது.

ஒருநாள் நன்னகரம் தாண்டி வேன்கள் அடைத்துக்கொண்டு நின்றன. எல்லாரும் இன்ஜினை அணைத்திருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்குத் தன் குரல் எப்போதும் சின்னதாகத்தான் கேட்கும்.

"இப்பிடிப் பிடிவாதம் பிடிச்சுச் செத்துப்போனா அந்தப் பரீட்சைய வச்சு என்ன செய்யதுக்கு?"

ரோடே கேட்டது. பக்கத்திலேயே எங்கள் தெருவிலிருக்கும் அண்ணாச்சி, போலீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், பைக்கில் காலூன்றி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், காலங்காத்தால மங்களகரமா ஆரம்பிச்சாச்சா?"

பின்னாலிருந்து அவள் குரல் சாதாரணமாக வந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கதை எழுதுதாரு. அதுல வார பொம்பளையப் பத்திப் பேசிக்கிட்டு வாரோம்."

"அப்பிடியா? பொழச்சிருவாளா?"

"அது இவரு எழுதுததப் பொறுத்து."

"கொன்னுராதீரும் சார். பொம்பளையக் கொன்னா எங்க வீட்டுல படிக்க மாட்டா. சிரிப்பா எழுதும். ஒமக்கு அதுதான் வரும்."

வேன் நகர்ந்தது. அவர் கையசைத்துவிட்டு முன்னால் போனார். என் முதுகுக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கும் ஒரு முடிவும் எடுக்கவில்லை.

மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போவதும் அதே வண்டியில்தான். மார்கழி பிறந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், தென்காசி ஊருக்குள் நுழையும்போது கேட்டாள்:

"அம்மாக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்லட்டி. ஏன்?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

சொன்னாள். நோயின் பெயரையும் சேர்த்து, பாடப்புத்தகத்தில் வாசிப்பதுபோலச் சொன்னாள். நான் வண்டியை ஓட்டினேன். தப்பு என்ற மூன்றெழுத்து வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை.

"அப்பம் தப்பில்ல" என்றாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லணும்? துணி காயப்போடும்போது ஒரு கையத் தூக்க மாட்டேங்கா. லைட்ட அணைச்சிட்டுதான் உடுப்பு மாத்துதா. நான் பயாலஜி குரூப்புப்பா."

"எப்பருந்து தெரியும்?"

"தீபாவளிலருந்து."

அதாவது எனக்குத் தெரிவதற்கு முன்பிருந்தே.

"ஏன் கேக்கல?"

"நம்ம வீட்டுல யாரு என்ன கேக்கோம்? கேட்டா நான் படிக்கலன்னு அவ பயந்துருவா. அதான் படிச்சிக்கிட்டே இருந்தேன்." கொஞ்ச தூரம் போனதும், "எம் பரீட்சைக்காக யாரும் சாக வேண்டாம். நான் எழுதிக்கிடுவேன். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்றாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பனி என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை மேலகரத்தில் மனைவியிடம் சொன்னேன். "அவளுக்குத் தெரியும். தீபாவளிலருந்தே தெரியும்." நன்னகரம் வந்தது, போனது. இறங்கியபின் வழக்கம்போல உள்ளே போகாமல் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"திருநெல்வேலிக்கு எப்பம் போணும்?"

போனோம். அங்கே டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அக்குளுக்குள்ளும் போயிருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார், "தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" எங்களிடம் அதற்குப் பதில் இருந்தது. தினமும் பேசிக்கொண்டிருந்தோம் டாக்டர், போகும்போதும் வரும்போதும், ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. இதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். "இனிமே ஆக வேண்டியதப் பாப்போம்" என்று முடித்துவிட்டார். பொங்கல் கழிந்து ஆபரேஷன் நடந்தது. மகள் பரீட்சை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

இப்போது மருந்து ஏற்றிக்கொள்வதற்காகத் திருநெல்வேலிக்குப் போய்வருகிறோம். ஸ்கூட்டரில் அவளால் உட்கார முடியாது. பஸ்ஸில் குலுக்கல். அதனால் ரயில். ஜன்னலோரம் எதிரெதிர் இருக்கை. தலையில் துணி கட்டிக்கொண்டு அவள் ஒரு பக்கம், அவளுக்கு நேராக நான். மருந்து கேட்கிறதா இல்லையா என்பது அடுத்த ஸ்கேனில் தெரியும் என்கிறார்கள். பேசுவதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது. ஹாரன் இல்லை, ஹெல்மெட் இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூட வருவதில்லை.

போன தடவை, கடையம் தாண்டி வயல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்.

"அன்னைக்கு அந்த டாக்டர், ஏன் இவ்வளவு நாள் விட்டீங்கன்னு கேட்டாருல்லா. என்னையப் பாத்துக் கேட்டாரா, ஒங்களப் பாத்துக் கேட்டாரா?"

"என்னையப் பாத்துதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"பொய் சொல்லுதீங்க. மொகத்துல அப்பிடியே எழுதிக் கெடக்கு."

நான் எழுந்தேன். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கலாம்.

"எங்க எந்திரிக்கீங்க?" என்றாள். "அங்கனயே இருங்க."

உட்கார்ந்தேன்.