ஜன்னலும் அவளுடைய பெயர்க்காரிகளும்

அவள் பிறந்த அன்று மாலை, கடலை நீந்திக் கடந்த ஒரு பெண் அக்கரையைத் தொட்டுவிட்டாள் என்று ரேடியோவில் சொன்னார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அப்பா, கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பெயரை அறிவித்துவிட்டார். அம்மா மாதக்கணக்கில் வேறொரு பெயரை மனதுக்குள் அடைகாத்து வைத்திருந்தாள்.

"பெத்தது நானு. பேரு வெக்கறது ரேடியோவா?" என்று கேட்டாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த வருஷம் ஊரிலிருந்த பல அப்பாக்களுக்கு அதே யோசனை தோன்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் மூன்று பெண்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வகுப்பு டீச்சர் பெருமூச்சு விட்டு, அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து மூவருக்கும் புதுப்பெயர் வைத்தார்: கதவு, பலகை, ஜன்னல். கதவும் பலகையும் வளர்ந்ததும் சொந்தப் பெயரை மீட்டுக்கொண்டார்கள். ஜன்னல் மட்டும் ஜன்னலாகவே நின்றுவிட்டாள். தெருவில் ஜன்னல், கடையில் ஜன்னலக்கா, வீட்டில் அம்மாவுக்குக்கூட "அடியே ஜன்னலு". அப்பா ஒருவர்தான் பிடிவாதமாக முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. முழுப்பெயர் வெளியே வந்தால் வம்புதான் வந்தது. சின்ன வயதில் கேட்டவர்களெல்லாம் நீச்சல் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றால் ஏதோ ஏமாற்றிவிட்டது போலப் பார்த்தார்கள். அவள் பாவாடையை விட்டுச் சுடிதாருக்கு வந்த காலத்தில், அதே பெயரில் ஒரு சினிமாப் பாடகி கிளம்பினாள். அதற்குப் பிறகு, "எங்க, ஒரு பாட்டு பாடு பாக்கலாம்." ஜன்னலின் குரல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல இருக்கும். ஒருமுறை மாமா வீட்டில் பாடிக் காட்டினாள். அதோடு அந்த வீட்டில் யாரும் பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஊரான் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது போலத்தான் அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது. தோளும் பொருந்தவில்லை, கையும் பொருந்தவில்லை.

அவளுக்கு வாய்த்தது ஸ்டியரிங். அப்பா டிப்போவின் பின்பக்க மைதானத்தில் பழைய வேனில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கை சீக்கிரம் படிந்தது. பிறகு ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டி. பக்கத்தில் உட்கார்ந்தவர் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடினாலும் அவளுடைய குரல் உயராது. "பரவால்லங்க, அவனும் வீட்டுக்குத்தான் போறான், நாமும் வீட்டுக்குத்தான் போறோம்" என்பாள்.

ஸ்கூலில் மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், அடுத்த வாரம் அதே மின்விசிறியைச் சரிபார்க்க வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். "அது நல்லாத்தானே சுத்துது?" என்று முதலாளி கேட்டதற்கு, "அதான் சார், ரொம்ப நல்லா சுத்துது, சந்தேகமா இருக்கு" என்றான். மின்விசிறி மேல் அவனுக்கிருந்த அக்கறை யாருக்காக என்று ஜன்னலுக்கு விளங்க நாளாகவில்லை.

இரண்டு வீட்டிலும் பேசி முடிக்கப்போகிற நேரம். பேப்பரில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பீரோவைத் துடைத்துவிட்டு மறைந்துபோகிற ஒருத்தி மாட்டிக்கொண்டாள். கணவன்மார்கள் மட்டும் ஒரு பெஞ்சு நிறைய இருந்தார்கள். பெயர் சாட்சாத் அதே பெயர்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "பேரே ராசியில்லடா. நாளைக்கு நம்ம வீட்டுப் பீரோவும்..." என்று இழுத்தாள்.

"நம்ம பீரோல என்னம்மா இருக்கு? உன் பழைய ஸ்வெட்டரும் என் ஸ்க்ரூ டிரைவரும். எடுத்துட்டுப் போகட்டுமே. நான் கட்டிக்கப்போறது ஆளைத்தான், பேரை இல்ல" என்றான் அவன்.

அம்மா அரைமனதாகத்தான் இருந்தாள். வழக்குத் தீர்ப்பு வந்த அன்றுதான் அவள் மனம் இறங்கியது. ஏனென்றால் அந்த மோசடிக்காரியை உள்ளே தள்ளிய நீதிபதிக்கும் அதே பெயர்! டிவியில் செய்தி வாசித்தவர் இன்னாருக்கு இன்னார் தண்டனை விதித்தார் என்று சொல்லி, தானே குழம்பி, திரும்பப் படித்தார். "பாத்தியா, அந்தப் பேர்ல நல்லவங்களும் இருக்காங்க" என்றாள் மாமியார், தானே கண்டுபிடித்தது போல. கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மருமகள்தான் அவளைக் கண்ணாடி மாற்றவும் பல் பிடுங்கவும் வண்டியில் கூட்டிப்போனாள்.

வருஷங்கள் ஓடின. ஜன்னலுக்கு நாற்பது நெருங்கியபோது, ஒரு காலை நேரம், ஸ்கூல் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், அகன்ற தோள், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். முதலாளி பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். உள்ளே டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் நிமிர்ந்தாள். அப்பா டிப்போ அலமாரியில் ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்த அதே தோள்.

கடலைத் தாண்டியவர் முன்னால் நின்று, நானும் அந்தப் பெயர்தான், நான் இரண்டாவது கியர் சொல்லிக்கொடுக்கிறவள் என்று எப்படிச் சொல்வது? "வாங்கம்மா" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அலைக்கு அஞ்சாத அந்த அம்மாள் ஆட்டோவுக்கு அஞ்சினார். எதிரே எது வந்தாலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அது போகும்வரை விடமாட்டார். முகம் தக்காளி போலச் சிவந்துவிடும்.

"மூச்சை விடுங்கம்மா. இது தண்ணி இல்ல."

"தண்ணியா இருந்தா எனக்கென்ன பயம் டீச்சர்? தண்ணி ஹாரன் அடிக்காது."

சிக்னலில் நின்றிருந்தபோது ஒருநாள், இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று ஜன்னல் கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா அவர்தான் ஓட்டினாரு. இப்போ கண்ணு மங்கிப்போச்சு. வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு. நான் கடல்ல நீந்தினப்போ அவர்தான் பக்கத்துலயே படகுல வந்தாரு, நீளக் கம்புல டம்ளரைக் கட்டி சூப்பு நீட்டிக்கிட்டே. ராத்திரி பூரா தூங்கல. இப்போ என் முறை இல்லையா?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வண்டிகள் கத்தின. இருவருக்குமே கிளப்பத் தோன்றவில்லை.

அந்த வாரம் முதலாளி உள்ளேயிருந்து ஏதோ கையெழுத்துக்காக அந்த முழுப்பெயரைச் சொல்லிக் கத்தினார். வாசலில் நின்றிருந்த இருவரும் ஒரே நேரத்தில் "இதோ" என்றார்கள்.

"உங்களுக்கும் இந்தப் பேரா?" என்றார் அந்த அம்மாள்.

"உங்களாலதாம்மா" என்றாள் ஜன்னல். குற்றம் சாட்டியது போல வந்துவிட்டது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ பாவம்! எல்லாரும் நீச்சல் தெரியுமான்னு உயிரை வாங்கியிருப்பாங்களே!"

ஜன்னல் குபீரென்று சிரித்தாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. பாடகிக்கு ரசிகன் ஒருவன் எழுதிய காதல் கடிதம் இந்த அம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கணவரிடம் காட்டினால், "எழுத்து நல்லா இருக்கே, யோசிச்சுப் பாரேன்" என்றாராம். கல்யாண மோசடி நாட்களில் பேங்க்கில் ஒருவன் இவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறான். "இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எத்தனை பேரை ஏமாத்த முடியும், சொல்லுங்க!" அன்று பாடம் நடக்கவில்லை. டீக்கடை பெஞ்சில்தான் பொழுது போனது. ஊரான் சட்டை என்று நினைத்தது, அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரருக்கே தோளில் இடித்திருக்கிறது என்று தெரிந்ததில் ஜன்னலுக்கு உள்ளே எதுவோ லேசானது.

அடுத்த பாடத்தை அவள் அப்பா வீட்டு வழியாக வைத்தாள். கிழவர் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எழுந்தார், ஊசியைக் கீழே போட்டார், அதைத் தேடினார், மறந்தார். எவ்வளவோ கேட்பார் என்று மகள் நினைத்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சாம்மா?"

"ரொம்பய்யா. பல்லு தந்தியடிச்சுது."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லைசென்ஸ் தேர்வில் அந்த அம்மாள் முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர் தும்மினார், இவர் பிரேக்கை அழுத்தினார், அதுவும் போயிற்று. மூன்றாம் தடவை தேறினார். குட்டியாக ஒரு பழைய கார் வாங்கிக் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மாட்டுவண்டி முந்துகிற வேகத்தில் ஊரைச் சுற்றினார்.

அப்படிச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வீட்டுக்கு வந்த ஒருநாள்தான் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்தான். சொந்த வீட்டுப் பல்பு மாட்டும்போது. கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஜன்னல் அந்த அம்மாளின் கார் சாவியை எடுத்தாள். எத்தனையோ பேரின் நடுக்கத்தைத் தணித்தவளுக்குத் தன் கையை அடக்க முடியவில்லை.

"இப்படிக் குடுங்க டீச்சர்" என்று அந்த அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிவரை அவர் மூச்சைப் பிடிக்கவில்லை. ஹாரனுக்குக் கண்ணை மூடவில்லை. வேகம் மட்டும் கூடவில்லை. பின்சீட்டில் ஜன்னலின் மடியில் தலை வைத்திருந்தவன் முனகினான்: "இவங்க போய்ச் சேர்றதுக்குள்ள எலும்பு தானா ஒட்டிக்கும் போலிருக்கே."

முன்சீட்டில் கண் மங்கிய கணவர் பெருமையாகத் திரும்பினார். "நல்லா ஓட்டறா, இல்ல?"

"பிரமாதம் சார்" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜன்னல் அழுதுகொண்டே சிரித்தாள்.

கால் ஒட்டியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் வெளியே போகிறார்கள். அந்த அம்மாள்தான் ஓட்டுகிறார். ஆண்கள் இருவரும் வழியெல்லாம் கிரிக்கெட் பேசுகிறார்கள். ஜன்னல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேறொருவர் ஓட்டும் வண்டியில் கண்ணசந்ததே கிடையாது. கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடும். அந்த வண்டியில் மட்டும், தெருமுனை தாண்டுவதற்குள் கணவனின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுகிறாள்.